மூடியைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதம் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தை அலுவலக அறிவிப்புப் பலகை முன் நின்று இரண்டு முறை படித்தேன். டெங்குத் தடுப்புக்காக நாள்கூலியில் இருந்த கொசு ஒழிப்புப் பணியாளர்களில் முக்கால்வாசிப் பேரை நிறுத்திவிடுவது, மிச்சமாகும் பணத்தில் வண்டியில் பொருத்திய பெரிய புகை மருந்து இயந்திரங்கள் இரண்டு வாங்குவது. மறுவாரமே பேருந்து நிலையத்தில் பந்தல் போட்டுக் கொடியசைத்து வண்டிகளை அனுப்பிவைத்தீர்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் எங்கள் ஏழாவது வார்டில் ஒரே தெருவில் ஒன்பது பேர் காய்ச்சலில் படுத்தார்கள். நாளிதழில் 'மர்மக் காய்ச்சல்' என்று போட்டிருந்தார்கள்.

முப்பத்தோரு வருடம் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து 2019-இல் ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காய்ச்சலில் மர்மம் எதுவும் இல்லை.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்கு அது வந்தது ராத்திரி ஏழரை மணிக்கு. சத்தம் கேட்டதுமே எல்லா வீட்டிலும் சன்னலைச் சாத்தினார்கள். என் மனைவிக்கு இளைப்பு உண்டு, நானும் சாத்தினேன். பிள்ளைகள் புகைக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடின. கால் மணி நேரத்தில் புகை கலைந்துவிட்டது. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் எஜிப்டி பகலில் கடிக்கிற கொசு. விடிந்ததும் ஓரிரண்டு மணி நேரம், சாயங்காலம் பொழுது அடைவதற்கு முன் கொஞ்ச நேரம், இவைதான் அதற்கு வேட்டை வேளை. ஏழரை மணிக்கு அது எங்கள் கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்குகிற சேலை மடிப்பிலும் சுகமாக உட்கார்ந்திருக்கும். சாத்திய சன்னலுக்கு வெளியே செத்தது சாக்கடைக் கொசு. அதுவும் சாகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தொட்டிக்குள் இருக்கும் முட்டையையும் புழுவையும் புகை தொடுவதே இல்லை. ராத்திரி நீங்கள் கொன்றதற்கு ஈடாக, காலையில் அதே தொட்டியிலிருந்து புதுக்கொசு கிளம்பி வரும்.

புகையே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். தோளில் அந்த இயந்திரத்தைச் சுமந்து டீசல் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்த நாட்கள் எனக்கும் உண்டு. காய்ச்சல் கண்ட வீட்டுக்குள்ளும், அதைச் சுற்றியுள்ள வீடுகளுக்குள்ளும், நேரம் பார்த்து அடித்தால் வைரஸைச் சுமக்கிற கொசுக்கள் சாகும். அவசரத்துக்கு அது உதவும். வருடம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலைக்கு அது மாற்று ஆகாது.

அந்த வேலையைச் செய்தவர்களைத்தான் நீங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். காக்கிச் சட்டை, ஒரு டார்ச், ஒரு கரண்டி, புழுவைக் கொல்லும் அபேட் மருந்து கலந்த பாட்டில். ஊரில் சிலர் 'மஸ்தூர்' என்பார்கள், சிலர் 'கொசு மருந்துக்காரி' என்பார்கள். பெரும்பாலும் பெண்கள். எங்கள் தெருவுக்கு வந்த பெண் ஒரு நாளைக்கு ஐம்பது வீடு பார்ப்பாள். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் முந்நூறு வீடு. கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பாள். நாய் துரத்தும், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும், "நேத்துதானே வந்தே, இன்னிக்கும் என்ன?" என்ற எரிச்சலைக் கேட்க வேண்டும். மாடிப்படி ஏறி, தொட்டியின் மூடியைத் தள்ளி, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தபோது, "நான் இந்தத் துறையிலே இருந்தவன்மா, இங்கே ஒண்ணும் இருக்காது" என்றேன். "இருக்கட்டும் சார், ஃபிரிட்ஜை மட்டும் பார்த்துட்டுப் போயிடுறேன்" என்றாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டை உருவி எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். புழு நெளிந்துகொண்டிருந்தது. முப்பத்தோரு வருடம் ஊரார் வீட்டு ஃபிரிட்ஜுக்கெல்லாம் பின்னால் கைவிட்டவன் வீட்டில்! அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவச் சொல்லிவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடைசிக் கையெழுத்து, நீங்கள் தீர்மானம் போடுவதற்கு முந்தின வாரம். அவளுக்கு இரண்டு மாதக் கூலி இன்னும் வரவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

தெருவில் காய்ச்சல் என்றதும் என் பழைய டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். இரண்டு காலை நேரம். நாற்பது வீடு பார்த்தேன். பதின்மூன்று வீட்டில் புழு இருந்தது. நூறு வீட்டுக்கு எத்தனை வீட்டில் புழு என்பதைத்தான் நாங்கள் வீட்டுக் குறியீடு என்போம். என் கணக்குப்படி அது முப்பதைத் தாண்டுகிறது. ஐந்துக்கு மேல் போனாலே எங்கள் மேலதிகாரிகள் காரணம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. புழு இருந்த இடங்களையும் சொல்கிறேன்: சிமெண்ட் தொட்டி ஆறு, நீல டிரம் நான்கு, மூடி உடைந்த சின்டெக்ஸ் தொட்டி இரண்டு, பயன்படுத்தாத ஆட்டுக்கல் ஒன்று. குப்பைமேடும் இல்லை, சாக்கடையும் இல்லை. பதின்மூன்றில் பன்னிரண்டு, குடிக்கவும் புழங்கவும் மக்கள் பிடித்து வைத்த தண்ணீர். குப்பை போடாதீர் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துக் கத்துவதால் இந்தக் கொசுவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதற்குப் பிடித்தது நல்ல தண்ணீர்.

ஏன் பிடித்து வைக்கிறார்கள்? நீங்கள் எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறீர்கள், அதனால்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் முட்டை வைக்கும். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள். வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் வந்த காலத்தில், பெண்கள் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துப் புதுத்தண்ணீர் பிடித்தார்கள். புழு கொசுவாகும் முன்பே கொட்டுப்பட்டுப் போனது. எட்டு நாளைக்கு ஒரு முறை என்றால் எந்தப் பெண் இருக்கிற தண்ணீரைக் கொட்டுவாள்? நான்காம் நாளே குடத்தை எண்ணிச் செலவு செய்கிறாள். புதுத்தண்ணீர் வரும்போது, மிச்சத்தின் மேலேயே பிடிக்கிறாள். மட்டம் உயர்ந்து, சுவரில் ஒட்டியிருந்த முட்டையெல்லாம் நனைந்து பொரிகிறது. கொசுவின் ஆயுள் கணக்கைத் தெரிந்துகொண்டு ஒருவர் குடிநீர் அட்டவணை போட்டிருந்தால்கூட இத்தனை கச்சிதமாகப் போட்டிருக்க முடியாது.

இப்படித் தண்ணீர் விடுகிற அதே நகராட்சிதான் 'தண்ணீரைத் தேக்கி வைத்தால் அபராதம்' என்று சுவரொட்டி ஒட்டுகிறது. நான் சொன்ன அந்த ஒற்றை ஆட்டுக்கல் எழுபது வயது தாண்டிய ஓர் ஆச்சியுடையது. தனியாக இருக்கிறார். மழைத்தண்ணீர் தேங்கிப் புழு இருந்தது உண்மை. ஐந்நூறு ரூபாய் அபராதம் போட்டீர்கள். சட்டப்படி சரிதான். 1939-ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்று தனி அத்தியாயமே உண்டு, அதை வைத்து நானும் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆச்சிக்கு ஆட்டுக்கல்லைக் கவிழ்க்கத் தெம்பு இல்லை. முன்பெல்லாம் அந்தப் பணியாளப் பெண்தான் வாரா வாரம் அதைத் துடைத்து மணலைப் போட்டுவிட்டுப் போவாள். ஆளை நிறுத்திவிட்டு அபராதத்தை மட்டும் அனுப்பினீர்கள்.

சரி, நகராட்சியின் சொந்த இடம்? மூன்று வருடமாகப் பாதியில் நிற்கும் வணிக வளாகத்துக்கு அன்றைக்கே போனேன். மின்தூக்கிக்காகத் தோண்டிய குழியில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு கரண்டி மொண்டு பார்த்தேன். எண்ண முடியவில்லை. பின்பக்கம் பறிமுதல் செய்த வண்டிகளின் டயர்கள் மழையில் கிடக்கின்றன. இந்தக் கொசு முட்டையிட்டு வளர்ந்த இடத்திலிருந்து வெகுதூரம் போகாது. சில நூறு அடிதான் அதன் ஊர். அந்தக் குழியிலிருந்து ஏழாவது வார்டுத் தெருவின் முதல் வீடு அறுபது காலடி தூரம். நடந்து எண்ணினேன்.

இனி நோயாளிகள் பக்கம். முதலில் காய்ச்சல் வந்தது ஒன்பது வயதுப் பையனுக்கு. அவன் அப்பா அனுமதித்ததால் எழுதுகிறேன். பக்கத்துத் தனியார் கிளினிக்கில் இரண்டாம் நாளே ரத்தம் எடுத்து, உடனே முடிவு காட்டும் கார்டு டெஸ்ட்டில் டெங்கு என்று வந்திருக்கிறது. ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். உங்கள் சுகாதாரப் பிரிவுக்குத் தகவல் போகவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் நிம்மதியாகி, மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப இருந்தார்கள். டெங்குவில் ஏமாற்றுகிற இடம் இதுதான். காய்ச்சல் விட்ட அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, சோர்ந்து சுருண்டு படுப்பது, ஈறில் ரத்தம், இவைதான் அபாய மணி. அன்று இரவு பையனுக்கு வயிற்றுவலி. கைகால் சில்லிட்டுவிட்டது. எதிர்வீட்டு ஆசிரியை ஒருவர் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தான். ஆறு நாள் அங்கே இருந்தான்.

அவன் பிழைத்தது ஒரு பக்கம். காய்ச்சல் இருந்த அந்த நாட்களில் அவனைக் கடித்த கொசுக்களுக்கு வைரஸ் ஏறி, அவை பிறரைக் கடித்துப் பரப்ப எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். அதுதான் உங்கள் கையில் இருந்த நேரம். அந்தக் கிளினிக்கிலிருந்து ஒரு தொலைபேசி, அடுத்த நாள் காலையில் நான்கு பணியாளர்கள், தெருவிலுள்ள தொட்டிகளெல்லாம் தேய்த்துக் கழுவல், அந்த வீட்டைச் சுற்றி உள்ளே மருந்தடிப்பு. மற்ற எட்டுப் பேருக்கும் காய்ச்சல் வந்தது சரியாக இரண்டாம் வாரத்துக்குப் பிறகுதான். தேதிகளை எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன்.

உங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, "எலைசா என்கிற ஆய்வக ரத்தப் பரிசோதனையில் உறுதியானால்தான் டெங்குக் கணக்கில் சேரும், கார்டு டெஸ்ட் செல்லாது" என்று பதில் வந்தது. கணக்குக்கு அது விதி, ஒப்புக்கொள்கிறேன். அந்த விதியைப் போட்டது பதிவேட்டுக்காக. தெருவில் இறங்கித் தொட்டியைக் கழுவ எந்த விதி எலைசா கேட்கிறது? கொசு அந்த முடிவுக்காகக் காத்திருக்கிறதா? நிலவேம்புக் குடிநீர் கொடுத்ததாகவும் சொன்னார்கள். கொடுங்கள், அதைப் பற்றி இங்கே சண்டை போட நான் வரவில்லை. தொட்டி தொட்டியாகவே இருக்கிறது என்பதுதான் என் வழக்கு.

இன்னொன்றையும் உறுப்பினர்கள் மனதில் வைக்க வேண்டும். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீடித்த எதிர்ப்பு. வேறு வகை இரண்டாம் முறை வரும்போது ஆபத்து கூடுதல். எங்கள் தெருவில் இப்போது தேறிவிட்ட ஒன்பது பேரும் அடுத்த மழைக்காலத்துக்கு இன்னும் பயந்து இருக்க வேண்டியவர்கள்.

"மழை முடிந்ததும் வேலை இல்லை, எதற்கு வருடம் முழுக்கக் கூலி?" என்று கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டதாகப் படித்தேன். கேள்வி நியாயமானது, பதில் வேண்டும். காய்ந்த தொட்டியின் சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சித்திரை வெயிலில் பிரஷ் போட்டு அதைத் தேய்த்து எடுத்தால் ஐப்பசியில் பொரிய எதுவும் இருக்காது. ஐப்பசியில் ஆள் எடுத்தால், பொரிந்த பிறகு மருந்து ஊற்றிக்கொண்டு அலைய வேண்டியதுதான். 2012-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு கொத்துக் கொத்தாக வந்தபோது எங்களையெல்லாம் அங்கே அனுப்பினார்கள். அந்த வருடம் தமிழ்நாட்டில் பதிவானது 12,826 பேர், இறந்தது 66 பேர். தறிவீடுகளிலும் ஓட்டு வீடுகளிலும் தொட்டி தொட்டியாகப் போய்ப் பார்த்தபோது புரிந்தது, நாங்கள் ஆறு மாதம் தாமதம் என்று. 2017-இல் மறுபடி 23,294 பேர், 65 சாவு.

நான் வேலையில் சேர்ந்தபோது மலேரியா ஒழிப்பில் இருந்த பெரியவர்கள் ஓய்வுபெறும் வயதில் இருந்தார்கள். சுவரில் டி.டி.டி. என்ற கொசுக்கொல்லி மருந்து அடித்த தேதியை எழுதிவிட்டு வந்த தலைமுறை. அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு. 1965-இல் அது சுமார் ஒரு லட்சம் பேராகக் குறைந்து, சாவே பதிவாகவில்லை. முடிந்தது என்று நினைத்தார்கள். 1976-இல் 64 லட்சத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. டி.டி.டி. தட்டுப்பாடு, மருந்துக்குப் பழகிய கொசு என்று காரணங்கள் பல. வீடு வீடாகப் போகிற கண்காணிப்பு தளர்ந்ததும் அவற்றில் ஒன்று. டெங்குவைப் பரப்புகிற இதே ஏடிஸ்தான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும். 1901-இல் ஹவானா நகரத்திலிருந்து அந்தக் காய்ச்சலை விரட்டியபோது புகையும் போட்டார்கள், ஆனால் கதவைச் சாத்தி வீட்டுக்குள் போட்டார்கள். கூடவே வீடு வீடாக ஆய்வாளர்களை அனுப்பித் தண்ணீர்ப் பாத்திரங்களைச் சோதித்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வேலைக்குக் குறுக்குவழி கிடைக்கவில்லை.

ஆகவே கேட்கிறேன்.

பணியாளர்களை நிறுத்திய தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். பழைய எண்ணிக்கையில், பன்னிரண்டு மாதத்துக்கும், ஒருவருக்கு முந்நூறு வீடு என்று பிரித்து, முடிந்தவரை அதே ஆட்களை எடுங்கள். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டு மாடியில் மறைவுத் தொட்டி என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. நிலுவைக் கூலியைத் தீபாவளிக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

குடிநீர் இடைவெளியை ஐந்து நாளுக்குள் கொண்டுவாருங்கள். உடனே முடியாது என்றால், வார்டு வாரியாக என்றைக்குத் தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். வருவது உறுதி என்றால்தான் பழைய தண்ணீரைக் கொட்ட மனசு வரும். மூடியில்லாத தொட்டி, டிரம் வைத்திருக்கும் ஏழை வீடுகளுக்கு மூடியோ கொசுவலைத் துணியோ கொடுங்கள். ஒரு இயந்திரத்துக்கு நீங்கள் போட்ட பணத்தில் எங்கள் வார்டு முழுவதற்கும் கொடுத்திருக்கலாம்.

நகர எல்லைக்குள் உள்ள எல்லாக் கிளினிக்கும் ஆய்வகமும் டெங்கு என்று சந்தேகப்பட்டாலே 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். தகவல் வந்த மறுநாள் காலையில் அந்தத் தெருவில் ஆள் இருக்க வேண்டும். புகை இயந்திரம் வாங்கியாகிவிட்டது, திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. காய்ச்சல் கண்ட இடத்துக்கு மட்டும், காலையிலும் அந்திக்கு முன்பும், மக்களிடம் முன்பே சொல்லிச் சன்னலைத் திறக்க வைத்து அடியுங்கள். வீட்டுக்குள் அடிக்கக் கையில் தூக்கும் கருவி போதும்.

வார்டு வாரியான வீட்டுக் குறியீட்டை வாரம் ஒரு முறை அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எங்கள் வார்டு முப்பது என்று எழுதியிருந்தால் எங்களுக்கும்தான் உறைக்கும். ஆச்சியின் அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்.

கடைசியாக, வணிக வளாகத்துக் குழியை இந்த வாரமே இறைத்து மூடுங்கள், டயர்களை அப்புறப்படுத்துங்கள். அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு வருவேன். குழி அப்படியே இருந்தால், கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் ஒரு பத்து நிமிடம் என்னோடு நடந்து வர வேண்டும். கரண்டியும் டார்ச்சும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
ஏழாவது வார்டு